பல்லி மேல் போட்ட பழி

தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் இந்தச் செய்தி மனப்பாடம். ஊர்ப்பெயர் மட்டும்தான் மாறும். பள்ளியில் மதிய உணவு பரிமாறப்படுகிறது. பாதிச் சாப்பாட்டில் ஒரு பிள்ளையின் தட்டில் பல்லி கிடக்கிறது. அடுத்த அரை மணி நேரத்தில் நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம். ஆம்புலன்ஸ் வருகிறது, அரசு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள், பெற்றோர் பள்ளியை முற்றுகையிடுகிறார்கள், சமையலர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். ‘பல்லி விழுந்த உணவைச் சாப்பிட்ட மாணவர்களுக்கு வாந்தி, மயக்கம்’ என்று தலைப்பு. விசாரணை நடந்து வருகிறது என்று கடைசி வரி. அந்த விசாரணையில் என்ன தெரியவந்தது என்று பிறகு யாரும் எழுதுவது அபூர்வம். குற்றவாளி தட்டிலேயே பிடிபட்டுவிட்டதாக மருத்துவர், அதிகாரி, நிருபர், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இந்த முடிவு தவறு. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லில் இல்லை, தோலில் இல்லை, வாலில் இல்லை, வயிற்றுக்குள்ளும் இல்லை. உலகத்தில் 1,500க்கும் மேற்பட்ட பல்லி இனங்களை அறிவியல் பெயரிட்டு அடையாளம் கண்டிருக்கிறது. மனிதனுக்கு நஞ்சூட்டக்கூடிய இனம் என்று அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஓணான், அரணை, உடும்பு எல்லாம் அடங்கிய பெருங்கூட்டத்தில் கடித்து விஷம் ஏற்றுவதற்குப் பேர்போனது ஹீலா மான்ஸ்டரும் அதன் நெருங்கிய உறவுகளும்தான். அவை அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலும், மெக்ஸிகோ, கௌதமாலாப் பக்கங்களிலும் வாழ்கின்றன. அந்த ஹீலாவின் உமிழ்நீரில் கிடைத்த ஒரு பொருளைக் கொண்டுதான் எக்ஸனடைட் என்ற நீரிழிவு மருந்து உருவாகி, 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உண்மையிலேயே விஷம் உள்ள பிராணிகூட ஆராய்ந்து பார்த்தவனுக்கு மருந்து கொடுத்திருக்கிறது. நாமோ விஷமே இல்லாத ஒன்றை ஆராயாமலே தூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தாலே போதும். வீட்டுப் பல்லியின் எடை சில கிராம். அது விழுந்த அண்டாவில் நூறு பிள்ளைகளுக்கான சாம்பார் கொதித்திருக்கிறது. அவ்வளவு சாம்பாரில் கலந்த பிறகும், ஆளுக்கொரு கரண்டியில் நூறு பேரையும் சாய்க்க வேண்டுமென்றால் உலகத்தின் மிகக் கொடிய நஞ்சு அந்தச் சின்ன உடம்பில் இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பிராணிகளும் இருக்கத்தான் செய்கின்றன. கொலம்பியாவின் காடுகளில் வாழும் பொன்னிற நச்சுத்தவளையின் தோலில் உள்ள ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் நஞ்சு பத்துப் பேரைக் கொல்லப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தவளை ஒளிவதில்லை. பகல் வெளிச்சத்தில், பளீரென்ற மஞ்சள் உடம்போடு தரையில் உட்கார்ந்திருக்கும். என்னைத் தின்றால் செத்துப்போவாய் என்று அந்த நிறம் எச்சரிக்கிறது. பல்லி சுவரின் நிறத்தில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. விளக்குமாறு எடுத்ததும் படத்துக்குப் பின்னால் ஓடுகிறது. அதுவும் முடியாதபோது தன் வாலையே கழற்றிப் போட்டுவிட்டு உயிர் தப்புகிறது. நஞ்சு வைத்திருக்கிற பிராணி உடம்பில் ஒரு பகுதியை இழந்து தப்பிக்க வேண்டிய அவசியம் என்ன?

பூனை பல்லியைத் தின்கிறது, காக்கை தின்கிறது, கோழி கொத்திக்கொண்டு ஓடுகிறது. பல்லி தின்ற பூனைக்கு நாளடைவில் ஈரலில் ஒருவகைப் புழு சேரலாம். அது ஒட்டுண்ணியால் வருகிற நோய். நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீன மருத்துவத்தில் டோக்கே என்கிற பெரிய பல்லியைக் காயவைத்து மூச்சுக் கோளாறுக்கு மருந்தாக மனிதர்களுக்கே கொடுக்கிறார்கள். அந்த மருந்து பலன் தருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்காகப் பிடித்துப் பிடித்தே அந்த இனத்தின் வணிகத்தை 2019இல் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாக அதை உட்கொண்டவர்கள் பல்லி விஷத்தால் சாகவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அப்படியானால் பிள்ளைகள் வாந்தியெடுத்தது பொய்யா? இல்லை. வாந்தி உண்மை, வயிற்றுவலி உண்மை. காரணம்தான் வேறு. அந்தக் காரணத்தைத் தேடவிடாமல் பல்லி குறுக்கே வந்து விழுந்துவிடுகிறது. என் கோபமெல்லாம் இங்கேதான்.

சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு பாக்டீரியாக்கள். ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா இருக்கிறது. விரலில் அரிவாள்மனை வெட்டிய புண்ணோ, கையில் சீழ்க்கட்டியோ இருந்தால் அங்கே கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அந்தக் கை அவித்த முட்டையை உரிக்கும், ஆறிய சுண்டலைக் கிளறும். உணவு வெதுவெதுப்பாகச் சில மணி நேரம் கிடந்தால் அதற்குள் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரந்துவிடும். பிறகு சூடுபண்ணினால் பாக்டீரியா சாகும், அது சுரந்த நஞ்சு சாகாது. மற்றது பேசில்லஸ் சீரியஸ். மண்ணிலிருந்து அரிசியோடு வருவது. இதன் வித்துகள் சோறு கொதிப்பதையும் தாங்கிக்கொண்டு பிழைத்திருக்கும். வடித்த சோற்றை அண்டாவில் குவித்து மூடி, அறைவெப்பத்தில் விட்டுவைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் இளஞ்சூடாகவே இருக்கும். வித்துகள் விழித்துக்கொள்ள அதுவே தோதான சூடு. இது சுரக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாது. காலையில் கிளறி மதியம் பரிமாறும் கலவை சாதம், கல்யாண வீட்டில் மீந்து மறுநாள் தாளித்த சோறு, எட்டு மணிக்கு மூட்டைகட்டிப் பன்னிரண்டு மணிக்குப் பிரித்த பொட்டலம் எல்லாமே இந்த ஆபத்துக்கு உட்பட்டவைதான். உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிரவைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பல்லி கிடந்ததா என்று மட்டுமே கேட்கிறோம்.

பல்லிக்கு ஆதரவாகப் பேசுவதால் ஒன்றை மறைக்க மாட்டேன். பல்லியின் குடலில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். அதன் எச்சம், அதாவது நுனியில் வெள்ளைப் பொட்டு வைத்த அந்தக் கறுப்புத் துணுக்கு, மூடாமல் வைத்த குடிநீரிலோ ஆறிய உணவிலோ விழுந்தால் தொற்று வரலாம். எனவே பல்லி விழுந்த உணவைக் கொட்டத்தான் வேண்டும், சமையற்கூடத்தில் பாத்திரங்களை மூடத்தான் வேண்டும். ஆனால் சால்மோனெல்லா நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். அது உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட, குறைந்தது ஆறு மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் அதற்கும் மேல். கொதித்த சாம்பாரைச் சாப்பிட்டு அரை மணியில் வந்த வாந்திக்கு அதுவும் காரணமாக முடியாது.

கூட்டமாக வரும் வாந்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பிள்ளை தட்டில் செத்த பல்லியைப் பார்த்து அலறுகிறது. விஷம் விஷம் என்று பெரியவர்கள் பதறுகிறார்கள். பிறந்ததிலிருந்து பல்லி விஷம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நிமிடமே குமட்டுகிறது, கைகால் சில்லிடுகிறது, கண் இருட்டுகிறது. ஒருவர் வாந்தியெடுப்பதைப் பார்த்து அடுத்தவர் எடுக்கிறார். இதை நடிப்பென்று யாராவது சொன்னால் அது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். அச்சம் உடம்பில் உண்டாக்கும் உண்மையான உபாதை இது. 1999 ஜூனில் பெல்ஜியத்தின் போர்னெம் நகரில், ஒரு குளிர்பானத்தில் வாடை வீசியதென்று தொடங்கிய பதற்றத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக மருத்துவமனைக்குப் போனார்கள். அதில் நஞ்சூட்டும் அளவுக்கு எதுவும் இல்லை என்றும், பெரும்பாலும் அச்சமே பரவியது என்றும் பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் ஊரில் அந்த அச்சத்துக்கு விதை போடுவதே நாம்தான். பல்லி விஷம் என்று சொல்லி வளர்க்காத பிள்ளைக்கு, தட்டில் பல்லியைப் பார்த்தால் அருவருப்பு வரும். மரண பயம் வராது.

இது வெறும் அறிவுப்பிழையாக இருந்திருந்தால் இத்தனை வரிகள் எழுத மாட்டேன். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில், தர்மாசதி கண்டாமன் என்ற கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். உணவிலும் எண்ணெயிலும் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததை ஆய்வகம் கண்டறிந்தது. இந்த வகை நஞ்சு உள்ளே போனால் கண்பாப்பா புள்ளியாகச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், மூச்சு திணறும். உடனே அட்ரோபின் ஊசி போட வேண்டும். அங்கே ஒரு நிமிடத்துக்கும் விலை உண்டு. இப்படியொரு நாளில் நம் ஊரில் தற்செயலாக ஒரு பல்லியும் அண்டாவில் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பல்லிதான் காரணம் என்று ஆசிரியர் மருத்துவமனையில் சொல்வார். எண்ணெய் டின்னைப் பற்றி யாரும் வாயெடுக்க மாட்டார்கள். மீதி உணவைச் சாக்கடையில் கொட்டி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். சாட்சியும் அதோடு போய்விடும்.

சத்துணவுக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்த ஒரு பெண்மணியிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் வேலை பார்த்த இடத்திலும் இப்படி ஒரு நாள் நடந்திருக்கிறது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி மாதக்கணக்கானதை அவர் முன்பே சொல்லியிருந்தாராம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “பல்லின்னு முடிச்சா என்னோட போயிடும் சார். தண்ணித் தொட்டி, அரிசி, எண்ணெய்னு கேக்க ஆரம்பிச்சா எங்கெங்கயோ போயி நிக்கும். அதான் பல்லின்னே முடிச்சாங்க” என்றார். விசாரணைக் கமிஷன் போட்டாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் சம்பளம் மிகக் குறைவாக வாங்குகிற, எதிர்த்துப் பேச ஆளில்லாத பெண்ணின் தலையில் பழி போய் விழுவதற்கு இந்த நம்பிக்கை வழி செய்து கொடுக்கிறது.

நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. தெற்கு போர்ச்சுகலில் பல்லியை நச்சுப்பிராணி என்று நம்பிக் கண்ட இடத்தில் அடிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எகிப்தில் பல்லி தொழுநோயைக் கொண்டுவரும் என்ற அச்சம் உண்டு. நம்மிடம் பல்லி நெடுங்காலம் சகுனம் சொல்லும் பிராணியாகவே இருந்தது. சங்கப் பாடல்களிலேயே பல்லி சொல்லுக்குக் காதுகொடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கம் இன்றும் அட்டவணை போடுகிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு தோஷம் தீர்ந்ததென்று மக்கள் மனநிறைவோடு திரும்புகிறார்கள். அவையெல்லாம் அவரவர் வழிபாடு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தோஷம் என்ற சொல்லிலிருந்து விஷம் என்ற சொல்லுக்கு நாம் எப்போதோ சத்தமில்லாமல் தாவிவிட்டோம். தோஷத்தைச் சோதிக்க ஆய்வகம் கிடையாது. விஷத்தைச் சோதிக்க முடியும். சோதித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இந்த வீண்பழியால் நாம் இழப்பது இன்னொன்றும் இருக்கிறது. மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பும்போது டியூப்லைட் பக்கத்தில் பல்லியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தலைகீழாகத் தொங்கியபடி ஓர் ஈசலைப் பார்த்து உடம்பைத் தாழ்த்தும், வால் நுனி மட்டும் மெல்ல அசையும், மறு நொடி ஈசல் வாயில் இருக்கும், இறக்கை மட்டும் தரையில் உதிரும். விழுங்கி முடித்ததும் நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கித் துடைக்கும். அதற்கு இமை கிடையாது, கண்ணாடி போன்ற படலம்தான் கண்ணை மூடியிருக்கிறது. நம் வீட்டுக் கூரையில் இலவசமாக நடக்கிற இந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விளக்குமாற்றைக் கையில் கொடுக்கிறோம்.

அது கூரையில் எப்படி நிற்கிறது என்ற கேள்வி அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இருக்கிறது. விடை கிடைத்தது நேற்றுத்தான். 2000ஆம் ஆண்டில் கெல்லர் ஆட்டம் என்ற ஆய்வாளரின் குழுவினர் டோக்கே பல்லியின் பாதத்திலிருந்து ஒற்றை நுண்மயிரைப் பிரித்து அதன் பிடியை அளந்தார்கள். ஒரு பாதத்தில் அப்படிப்பட்ட மயிர்கள் ஏறத்தாழ 5 லட்சம். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைகள் சுவரின் மூலக்கூறுகளுக்கு அவ்வளவு நெருக்கத்தில் போய்விடுவதால், மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாக உள்ள வான் டெர் வால்ஸ் என்கிற மிக மெல்லிய ஈர்ப்பே லட்சக்கணக்கில் சேர்ந்து அந்த உடம்பைத் தாங்குகிறது. பசை இல்லை, உறிஞ்சுகிண்ணம் இல்லை. பிடியை விட வேண்டுமென்றால் மயிரின் கோணத்தைச் சற்றே மாற்றினால் போதும், உடனே கழன்றுவிடும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது: பல்லி இறந்த பின்னும் அதன் பாதம் அதே வலுவோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் உலகத்தின் ஆய்வகங்கள் பசையில்லாமல் ஒட்டும் நாடாவும் சுவரேறும் எந்திரமும் செய்ய முயன்றுகொண்டிருக்கின்றன.

அறுந்த வால் துடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது விபத்தில் அறுவதில்லை. வாலின் எலும்புகளில் முன்கூட்டியே உடையும் கோடுகள் இருக்கின்றன. தசையை இறுக்கிப் பல்லியே உடைத்துக்கொள்கிறது, ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கிவிடுகின்றன. புதிதாக முளைக்கும் வாலுக்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்பு மட்டுமே இருக்கும்.

நம் மலைகளிலேயே இன்னும் பெயர் வைக்காத பல்லிகள் இருக்கின்றன. கொல்லிமலைக்கென்று ஒரு பல்லி, சிறுமலைக்கென்று ஒரு பல்லி என்று கடந்த சில ஆண்டுகளில்தான் அடையாளம் கண்டார்கள். 2024இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதியிலிருந்து இரண்டு புதிய இனங்களை அறிவித்தார்கள். ஒன்றின் பெயரில் சதுரகிரி இருக்கிறது. மற்றதன் ஆணுக்கு மஞ்சள் தலையும் முதுகில் வெளிர்நீலப் புள்ளிகளும் இருப்பதால், விண்மீன் இரவை வரைந்த ஓவியர் வான்காவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். உலக அறிவியல் இதழில் விருதுநகர் மாவட்டத்துப் பாறைப் பல்லி இடம்பிடித்த அதே காலத்தில், வீட்டில் பல்லியை விரட்டச் சமையல்மேடைக்கு மேலேயே பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த மருந்துதான் விஷம். அது பாத்திரத்திலும் காய்கறியிலும் படிகிறது.

செய்ய வேண்டியவை ஒன்றும் கஷ்டமானவை அல்ல. மருத்துவர்கள் நோயறிக்கையில் பல்லி என்று எழுதுவதற்கு முன், பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை நிமிடத்தில் வாந்தி வந்தது, கண்பாப்பா எப்படி இருக்கிறது என்று எழுதட்டும். நிருபர்கள் சோறு எப்போது வடித்தது, எண்ணெய் எந்த டின்னில் வந்தது, தொட்டி கடைசியாக எப்போது கழுவியது என்று கேட்டு எழுதட்டும். பள்ளிகளில் ஒவ்வொரு நாள் உணவிலும் ஒரு பங்கை மூடி, தேதியிட்டு, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய குளிர்பெட்டியும் கூடத்துக்கு மூடிபோட்ட அண்டாக்களும் வாங்கிக் கொடுக்க வேண்டும். காமராஜர் தொடங்கி எம்.ஜி.ஆர். விரிவாக்கி, இன்று காலை உணவு வரை வளர்ந்திருக்கிற ஒரு திட்டத்துக்கு இந்தச் செலவு பெரிதல்ல. உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்துப்போகும் மாதிரியின் ஆய்வறிக்கையைக் கோப்புக்குள் வைக்காமல் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பழுது சோற்றிலோ தண்ணீரிலோ எண்ணெயிலோ இருந்ததாக அந்த அறிக்கை சொன்னால், பணியிடை நீக்கம் செய்த சமையலரை அதே பள்ளிக்குத் திரும்ப அழைத்து, ஏன் அழைத்தோம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் அவரை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும்.